நிதானமா இருந்துட்டு வா

"வேலைக்கு இருந்த பையனை அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு அனுப்பி, என் முடிவெட்டுற கடையை நானே மூடிட்டேன்லா."

கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகும் பஸ். நாற்பது இருக்கைகளில் பதினொரு பேர், எப்படித்தான் ஓட்டுகிறார்களோ. பேசியவர் எனக்கு முன்னால் இருந்தார். வழியிலுள்ள அசாம் ஜாவாவில் கடை வைத்திருந்தவராம். பக்கத்தில் அவருடைய நண்பர்.

"ஏண்ணே, திரும்பி வரமாட்டேங்கிறானா?"

"அவன் பெட்டியோட நிக்கிறான். வேலை பெர்மிட் முடிய ரெண்டு மாசம் இருந்துச்சு. புதுப்பிச்சிட்டு அனுப்பியிருக்கணும். நிதானமா இருந்துட்டு வா, வந்ததும் புதுசா எடுத்துக்கலாம்னு நான்தான் பெரிய மனசு காட்டினேன். இப்ப நம்ம தொழிலுக்கு வெளிநாட்டுலேருந்து புது ஆள் எடுக்க முடியாதுங்கிறாங்க. பெர்மிட் முடிஞ்சதால அவனும் புது ஆள் கணக்குதானாம்."

"உள்ளூர்ப் பசங்கள வைக்கிறதுதானே?"

"மூணு பேர் வந்தானுங்க. கடைசி ஆள் மத்தியானம் சாப்பிடப் போனான். இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

நண்பர் சிரித்தார். "ஊருக்குப் போனவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எட்டு மாசமா, அடுத்த மாசம் வந்துடலாம்னே சொல்றேன். ஊர்ல கிடைச்ச வேலையையும் என்னை நம்பி வேணாம்னுட்டான்."

"அது பாவம்ணே."

கடைக்காரரின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு முறை அடித்தது. ஏழாவதில் எடுத்தார்.

"தம்பி, அந்த வேலை இன்னும் இருந்தா ஒத்துக்கப்பா... இல்ல, அடுத்த மாசமும் இல்ல... என் தப்புதான்பா."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"உன் கத்தரிக்கோலா? பத்திரமா இருக்கு. யாரையும் தொட விடல. தபால்ல அனுப்பிடுறேன்."