ஒரு டிகிரி சாய்வு

தெரணியகலையிலிருந்து அவிசாவளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மகள் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள்.

“ரெண்டு தாளையும் திருப்பி வச்சது நான்மா. ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரையே எடுத்துட்டாங்க!”

“என்ன தாளு?”

“கரித் தாளும்மா. பென்சில் கரியில டேப் ஒட்டி உரிச்சா கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசா வரும். ஒண்ணு மேல ஒண்ணை ஒரு டிகிரி திருப்பிச் சாய்ச்சு வச்சு, ரொம்பக் குளிர வச்சா, கரண்ட் தடையே இல்லாம ஓடும். வோல்டேஜை மாத்தி நிறுத்தலாம், திரும்ப ஓட விடலாம். சாய்வு பிசகினா ஒண்ணும் நடக்காது.”

“எங்க வெட்டும் அப்பிடித்தானே. சாய்வு பிசகினா பாலு சிரட்டைக்கு வராது. பேரை ஏன் எடுத்தாங்க?”

“நான் செஞ்சது வெறும் கைவேலையாம். கட்டுரைக் கடைசியில நன்றி மட்டும் போடுறாங்களாம்.”

“கைவேலைன்னா லேசா? அவங்களையே வச்சுப் பாக்கச் சொல்லு!”

மகளின் போன் அடித்தது. இங்கிலீஷில் பேசியவள், போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

“பேராசிரியர்மா. நேத்து நான் எழுதிக் கேட்டதுக்கு இப்ப என் பேரைச் சேர்க்கிறாராம். அஞ்சாவதா.”

“மொத்தம் எத்தனை பேரு?”

“அஞ்சு.”

“முன்னுக்குப் போடச் சொல்லு.”

அவள் மறுபடி பேசத் தொடங்கியபோது பஸ் அவிசாவளையில் நின்றது. மற்ற எல்லோரும் இறங்கினோம். கொண்டக்டர் அவர்களையும் இறங்கச் சொன்னார்.

“பொட்டக் இன்ன மல்லி,” என்று சிங்களத்தில் அவரைத் தம்பி என்றழைத்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தாய் மகளிடம் திரும்பினார். “நீ பேசு.”