இரண்டு கிலோ

எடைக்கருவியை மெத்தென்ற விரிப்பின் மேல் வைக்கக்கூடாது. நிறைய வீடுகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கால்கள் புதையும், எண் தப்பாக வரும். இந்த ஸ்டேஷனில் உங்கள் அறை மூலையில் பொட்டலங்கள் நிறுக்க ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதன் ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகியிருக்கிறது. போன தடவை வந்தபோதே பார்த்தேன். எடுத்துவிடுங்கள்.

எனக்கு வேலையே அதுதான். இயற்பியல் படித்தேன். படித்ததற்குக் கொஞ்சமாவது ஒட்டிய வேலை கிடைத்தது. கடைகள், கிடங்குகள், மருத்துவமனைகள் என்று போய் எடைக்கருவிகளைச் சோதித்துச் சரிசெய்வேன். எடைக்கற்களை வெறுங்கையால் தொடமாட்டேன். விரல் வியர்வைக்கும் எடை உண்டு. சரிபார்த்ததும் என் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டை ஒட்டுவேன். அதைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

கோச்சை விட்டுவிடுங்கள். இன்று நான் வந்தது அதற்காக. பையன்களை வாட்டி வதைத்து எடை குறைக்க வைக்கிறவர் என்று அவரைப் பற்றிச் செய்தியில் போட்டிருக்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கண் குழி விழுந்தாலே வீட்டுக்குப் போடா என்று விரட்டுகிறவர். அவர் செய்த ஒரே தப்பு, எண்ணை நம்பியது.

வரிசையாகச் சொல்கிறேன்.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. இருபத்தைந்து வயது. லிஃப்ட் ரிப்பேர் வேலை. பயிற்சிக்கூடத்தில் அவனுக்குப் பெயரே லிஃப்ட்தான். என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகும் நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். நான், அத்தை, அவன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மாலையில் வேலை முடிந்ததும் அவனோடு பயிற்சிக்கூடத்துக்குப் போவேன். டயர் கடைக்கு மேல் மாடி. கீழே ரப்பர் வாசனை, மேலே வியர்வை வாசனை. நான் சுவரோரமாக உட்கார்ந்து மணி பார்ப்பேன். மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. குத்து, உதை, பிடி மூன்றும் கலந்த சண்டை அது. பணத்துக்கு மோதுகிற ஆட்கள் நான்கு பேர் அங்கே பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இரண்டு பட்டங்கள் உண்டு. எல்லாரும் சாம்பியன் என்றே கூப்பிடுவார்கள்.

அந்த நான்கு பேரும் என் மைத்துனனிடம் தோற்றார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. தினமும்.

சாம்பியனைத் தூக்குவதற்கு முன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்பான்:

"எத்தனாவது மாடிண்ணே?"

"வாயை மூடிக்கிட்டு சண்டை போடுடா."

அடுத்த நொடி சாம்பியன் முதுகு தரையில் இருக்கும். "கீழ்த்தளம் வந்தாச்சு. கதவு திறக்குது, பார்த்து இறங்குங்க" என்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சாம்பியனும் சிரிப்பார். அவர் பொறாமை பிடித்தவர் இல்லை. ஒரு தடவை படுத்தபடியே கேட்டார்.

"டேய், இத்தனை வருஷம் எங்கடா இருந்த?"

"பதினாலாவது மாடியில. கம்பிக்கு கிரீஸ் தடவிக்கிட்டு."

அவன் வெளியே ஒரு போட்டிகூடப் போட்டதில்லை. இரண்டு தடவை ஏற்பாடானது. இரண்டு தடவையும் அக்காவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து வார்டு வாசலில் உட்கார்ந்துகொண்டான். அதனால் அந்த மாடியைத் தாண்டி அவனை யாருக்கும் தெரியாது. எனக்கு அது சரியாகவே பட்டது. ஆறு மணிக்கு மாடியில் எல்லாரையும் வீழ்த்துவான், எட்டு மணிக்கு வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான்.

போன மாதம் ஒரு பெரிய போட்டியில் ஒருவனுக்குக் கை முறிந்தது. பதில் ஆள் தேடினார்கள். சாம்பியன் இவன் பெயரைச் சொல்லியிருக்கிறார். பதினோரு நாள் அவகாசம். அறுபத்தாறு கிலோவைத் தாண்டக்கூடாது. ஜெயித்தால் வெளிநாட்டில் ஒரு குழுவோடு இரண்டு வருட ஒப்பந்தம்.

சாப்பிடும்போது சொன்னான். அவன் கை கழுவ எழுந்து போனதும் அத்தை என் பக்கம் குனிந்தார்.

"நீங்க சொன்னா கேப்பான் மாப்பிள்ளை. போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒண்ணைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

சரி அத்தை என்றேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருப்பான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அது அவன் முகத்தில் தெரியும். மனிதன் வேண்டாம் என்றால் மனத்தாங்கல் வரும். எண் வேண்டாம் என்றால் யார் மேலும் கோபம் வராது. நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

பயிற்சிக்கூடத்தில் இருந்தது பழைய ஸ்பிரிங் எடைக்கருவி. அதை யாரும் நம்பவில்லை. என்னிடம் மின்னணுக் கருவி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தேன். வைப்பதற்கு முன் அளவை மாற்றினேன். சிரமமே இல்லை. இருபது கிலோ கல்லை ஏற்று என்று கருவி கேட்கும். நான் பத்தொன்பது கிலோ நானூறு கிராம் ஏற்றினேன். இதுதான் இருபது என்று அது எடுத்துக்கொண்டது. பிறகு என் சீட்டை ஒட்டினேன்.

அவன் ஏறி நின்றான். எழுபத்தைந்தே கால் காட்டியது.

"நேத்து எழுபத்தி மூணுதானேப்பா இருந்த?" என்றார் கோச்.

"பழசுல ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்" என்றேன்.

"மாமா கூட ஒரே வீட்டுல சாப்பிட்டா எடை கூடாம எப்படி?" என்றான் அவன்.

கோச் முன்ஜாக்கிரதையான ஆள். ஐந்து கிலோ இரும்புத் தட்டு ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். நூற்றைம்பது கிராம் கூடுதலாக வந்தது. இரும்புத் தட்டு எப்போதும் கூடக் குறையத்தான் இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். என் பிழை எடைக்கு ஏற்றபடி வளரும். சின்ன எடையில் கண்ணுக்குத் தெரியாது. அறுபத்தாறில் இரண்டு கிலோ ஆகிவிடும்.

"நல்ல வேளை, நீங்க வந்து பார்த்தீங்க. இல்லைன்னா மேடையில நின்னு அசிங்கப்பட்டிருப்போம்" என்று கோச் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கணக்கு இதுதான். ஏழு கிலோவை அந்த நாட்களுக்குள் குறைக்கலாம், நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். ஒன்பதே கால் முடியாது. பாதியில் கோச்சே நிறுத்துவார். யாருக்கும் ஒரு கீறல் படாது. அத்தை தூங்குவார். இதில் என்ன தப்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவன் உப்பை விட்டான். பிறகு சாப்பாட்டை விட்டான். பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு, தான் பழுதுபார்க்கிற கட்டிடத்தின் பதினான்கு மாடியையும் படியில் ஏறி இறங்கினான். கூட வேலை செய்கிறவர்கள், "நீ ரிப்பேர் பண்ண லிஃப்ட்டுல ஏற உனக்கே பயமாடா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தான்.

ஆறாம் நாள் எழுபதில் நின்றுவிட்டது. எவ்வளவு ஓடினாலும் அசையவில்லை. கோச் போனை எடுத்தார்.

"போதும். ஆள் வரலைன்னு சொல்லிடறேன்."

"ரெண்டு நாள் குடுங்க கோச்."

"முகத்தைக் கண்ணாடியில பாருடா."

"முகத்துக்கு எடையே கிடையாது கோச்."

விட்டுவிடு என்று நானும் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். சொன்னேன். அவன் என் தோளில் கை போட்டான்.

"அக்காவுக்காக ரெண்டு தடவை விட்டேன் மாமா. அதுல எனக்கு வருத்தமே இல்லை. இது என் உடம்புதானே. நான் சொன்னா கேக்கும்."

கேட்டது. என் கணக்கு தவறிய இடம் அதுதான். சாதாரண உடம்புகளை வைத்துப் போட்ட கணக்கு அது.

அன்றே அளவைச் சரிசெய்திருக்கலாம். கோச் வீட்டுக்குப் போன பிறகு ஐந்து நிமிட வேலை. ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எடை பார்க்கும் நாள். மாலை நான்கு மணிக்கு ஒரு ஹோட்டல் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் ஏற வேண்டும். காலையில் அறுபத்தேழு காட்டியது. உண்மையில் அறுபத்தைந்து. அப்போதே அவன் போட்டிக்குத் தகுதியானவன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறியிருந்தாலும் தகுதியானவன்தான். கோச் பதினொரு மணிக்குப் பதிவுத் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஒரு கிலோதான் பாக்கி. மயக்கம் வந்தா நிறுத்திடுங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று என்னிடம் சொன்னார்.

பயிற்சிக்கூடத்துக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் உட்கார்ந்தான். வெளியே வந்தால் போர்வையைப் போர்த்திக்கொள்வான். மறுபடி உள்ளே போவான். நான்கு தடவை. பன்னிரண்டரைக்கு ஏறி நின்றான்.

"பாருங்க மாமா. அறுபத்தாறு. ஒரு புள்ளிகூடத் தாண்டலை."

குரல் காகிதம் கசங்குவதுபோல் இருந்தது. உண்மையில் அறுபத்து நான்கு. மருத்துவ அறிக்கையில் அப்படித்தான் போட்டிருப்பார்கள், பாருங்கள். அந்த இரண்டு கிலோ எங்கே போனது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கருவியைச் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் நான் போய்ச் சரிசெய்துவிட்டேன். அளவு எத்தனை தடவை மாற்றப்பட்டது என்று கருவிக்குள் ஓர் எண் இருக்கும். மூன்று என்று காட்டும். தொழிற்சாலையில் ஒன்று. மற்ற இரண்டும் நான்.

"வாயை மட்டும் நனைச்சுக்கட்டுமா மாமா?"

"நாலு மணிக்கு மேல" என்றேன்.

"நீங்க சொன்னா சரி."

துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு விரிப்பில் படுத்தான்.

அவனுக்கு அக்காவின் சாயல் கொஞ்சம் உண்டு. மூக்கும் புருவமும். உடம்பில் சதை இருந்தவரை அது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆறாம் நாளிலிருந்து தெரிந்தது. கன்னம் ஒட்ட ஒட்ட, கண் உள்ளே போகப் போக, அவள் வந்துகொண்டே இருந்தாள். கடைசி மூன்று வாரம் அவளுக்கும் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. நாளைக்கு அரைக் குவளை. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்பாள். அந்த முகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தை போட்டோக்களில் வைத்திருப்பது வேறொரு முகம். எனக்கு அது பழக்கமில்லை.

தண்ணீர் பாட்டில் என் காலருகே இருந்தது. போன் சட்டைப் பையில் இருந்தது. முதலில் அவன் ஏதோ உளறினான். என்னை யார் என்று கேட்டான். பிறகு மூச்சு வேகமாக வந்தது. பிறகு மெதுவாக. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், கொதித்தது. தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்ணயர்ந்துவிட்டேன், விழித்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று போன தடவை சொன்னேன். நீங்களும் பாவம் என்று சொல்லி அப்படியே எழுதிக்கொண்டீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். நான் தூங்கவில்லை. ஒரு மணியிலிருந்து மூன்றே கால் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் போன் செய்தேன்.

அவள் போனபோது நான் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை பக்கத்திலேயே இருந்தேன்.