பீபிக் துப்பின வார்த்தை

இருங்கண்ணே, மொதல்ல உக்காருங்க. இந்தக் கோவத்தோட ரோட்டுல எறங்கினீங்கன்னா எவனாச்சும் ஜப்பான்காரன் துப்பாக்கியோட நிப்பான். அவனுக்குக் குனிஞ்சு கும்புடு போட மறந்துட்டா கன்னத்துல விழும். உங்க குருபோங் தோட்டத்துல எப்படியோ, இங்க காஜா பேராங்ல இப்ப அதான் சட்டம். பொண்ணு பாக்க வந்த எடத்துல சம்மந்தி அடி வாங்கினா எனக்கில்ல அசிங்கம்.

ஆமா, நீங்க பாத்தது நெசந்தான். நான் இல்லன்னு சொல்லல. நேத்து மத்தியானம் என் பொண்ணு சாரதாம்பா கெணத்தடியில நின்னா. எதுத்த வீட்டு பீபிக் ஓடியாந்து, நம்ம தமிழாளுங்கள ஏசுற வார்த்தையால, கெலிங், கெலிங்னு கத்தி அவ மேல துப்பினா. நீங்க தெரு முனையிலேருந்து அதப் பாத்துட்டு, வாசப்படி ஏறாமலே உங்க தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டீங்க. இப்ப வந்து, ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுற நம்மாளு ஒருத்தரத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்தச் சீனச்சியத் தூக்கிடுவானுங்கங்குறீங்க. தூக்கிடுவானுங்கதான். தூக்கினவங்க யாரு திரும்பி வந்தா? அதனாலதான் கேட்டுட்டுப் போங்கன்னு சொல்லுறேன்.

அவ பேரு கெக் நியோ. பாபா வீட்டு, அதான் மலாய் பேசுற சீனங்க வீட்டு, பெரிய பொம்பளைங்கள இங்க பீபிக்னு கூப்பிடுவோம். நான் இந்தத் தெருவுக்கு மசாலா அரைச்சுக் குடுக்கிறவ, அம்மிதான் எனக்குச் சோறு. காலையில அவ சன்னலத் தொறந்து, ஏ கெலிங், இன்னிக்கு மீனு, காரம் தூக்கலா இருக்கட்டும்னு கத்துவா. நான் என்ன சண்டைக்கா போனேன்? போடி சீனக்கெழவி, மொதல்ல மீன மோந்து பாத்து வாங்குன்னு நானும் மலாயில திருப்பிக் குடுப்பேன். அவ சிரிக்கிற சிரிப்பு தெருவுக்கே கேக்கும். என் வீட்டுக்காரர் காய்ச்சல்ல போனப்போ, கெலிங், எழும்பு, கஞ்சி குடின்னு அதே வாயால கெஞ்சி, எனக்கு ஊட்டிவிட்டவ அவ. அவ வாயில அது என் பேரு மாதிரிதாண்ணே.

அப்ப எவன் வேணா சொல்லலாமான்னா? அதெப்படி? போன வாரம் அரிசி வரிசையில நின்னேன். அங்க கணக்கு எழுதுற கிராணி, சட்டை கசங்காம, கொரல ஒசத்தாம, கெலிங் எல்லாம் பின்னாடி போங்கன்னான். சிரிச்ச மொகம் வேற. ஏசல, அடிக்கல. எனக்கு மொளகா அரைச்ச கையக் கண்ணுல வச்ச மாதிரி இருந்துச்சு. அரிசியக் கொண்டாந்து மூலையில போட்டுட்டு அன்னிக்கு ஒல வைக்கவே இல்ல.

துக்காங் எமாஸ் ரோட்டுல பள்ளிவாசலுக்குப் பேரே கம்போங் கெலிங்தான். எனக்கு மல்லி, சீரகம் குடுக்கிற முகைதீன் பாய்கிட்ட எங்க தொழப் போறீங்கன்னு கேட்டா வாய் நெறைய அந்தப் பேரச் சொல்லுவாரு. அவரையே பசார்ல ஒருத்தன் அதச் சொல்லித் தள்ளிவிட்டான். மனுஷன் விழுந்த தொப்பிய எடுத்துத் தட்டிப் போட்டுக்கிட்டு வந்து கடையில உக்காந்தாரு. அன்னிக்குப் பொழுது சாயிறதுக்கு முன்னாடியே கடையச் சாத்திட்டாரு.

ஏன், உங்க தோட்டத்துலயே பாருங்களேன். கூட்டாளி டேய் கருவாயான்னா தோள்ல கை போட்டுக்குவீங்க. தொரை சொன்னா? ஆங், பாருங்க, சும்மா கேட்டதுக்கே மூஞ்சி மாறுது.

இல்லண்ணே, நேத்து அவ வெளையாட்டுக்குச் சொல்லல. அதையும் ஒத்துக்கிறேன். அழுக்குக் கெலிங், எண்ண நாத்தம் புடிச்ச கெலிங், எங்க கெணத்தத் தொடாதேன்னு அவ ஏசின ஏச்ச நான் அவ வாயில கேட்டதே இல்ல. மயிரப் புடிச்சு இழுத்து மண்ணுல தள்ளினா. சேத்த அள்ளி மூஞ்சி பூரா பூசினா. நான் அம்மிக்கிட்ட கல்லு மாதிரி நின்னேன். பெத்த தாயி ஏன் போய்த் தடுக்கலன்னு கேக்குறீங்க. நியாயந்தான்.

கெணத்துச் செவரு உங்களுக்கு மறைச்சிருக்கு. அந்தப் பக்கம் ஜப்பான்காரனுங்க ரெண்டு பேரு நின்னானுங்கண்ணே. வீடு வீடா பொண்ணு தேடி வந்தவனுங்க. ஒருத்தன் சாரதா தாடையப் புடிச்சுத் திருப்பி, சீனா? சீனா?ன்னு கேக்குறான். சீனப் பொண்ணுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுறானுங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அப்பத்தான் பீபிக் ஓடியாந்தா. அவ ஏசின ஏச்சப் பாத்துட்டு அவனுங்க சிரிச்சானுங்க. ஒரு சீனச்சி தன் இனத்துப் பொண்ணு மேல இப்படித் துப்புவாளான்னு நெனச்சிருப்பானுங்க. கெலிங், கெலிங்னு அவனுங்களும் சொல்லிப் பாத்துட்டு லோரியில ஏறிப் போயிட்டானுங்க.

என் பொண்ணப் பாத்து எதுக்குச் சீனான்னு கேட்டான்னா...

நீங்க இன்னும் அவ மூஞ்சியப் பாக்கல இல்லையா? அண்ணி வந்து பாத்துட்டு, நல்ல பொண்ணு, கைவேலை சுத்தம்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. மிச்சத்த நானே உங்ககிட்டச் சொல்லிக்கிறேன்னு அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன். ஏன் கல்யாணத்துக்கு இவ்வளவு அவசரப்படுறேன்னு கேட்டீங்களே, அதுவும் இதுக்குத்தான். கழுத்துல தாலி ஏறி, தோட்டத்துல நம்ம சனத்தோட சனமா இருந்துட்டான்னா எவனும் அவ தாடையப் புடிச்சுத் திருப்ப மாட்டாங்குற நெனப்பு. பயத்துல நெனச்சதுண்ணே. இந்தச் சூசா புடிச்ச கஷ்ட காலத்துல வேற என்னத்த நெனைக்கச் சொல்லுறீங்க?

சாரதாம்பாங்குறது என் மாமியா பேரு. நாந்தான் வச்சேன். மாரியம்மன் கோயில்ல காது குத்தினதும் நாந்தான். என் வயித்துல ஒண்ணும் தங்கல. இந்தத் தெருவுல ஒரு வீட்டுல பொண்ணு பொறந்த கையோட தகப்பன் போய்ச் சேந்துட்டான். சாதகம் ஆகாது, வேற சனத்துக்குக் குடுத்துருன்னு அந்த வீட்டுப் பெரியவங்க சொல்லிட்டாங்க. சீன வீடுங்கள்ல அப்படி ஒரு வழக்கம், இங்க எத்தனையோ தமிழ் வீட்டுல அப்படி வந்த புள்ளைங்க இருக்கு. தொப்புள்கொடி காயுறதுக்கு முன்னாடி பெத்தவளே துணியில சுத்திக் கொண்டாந்து என் கையில குடுத்தா. அதுக்கப்புறம் இது எம்புள்ளன்னு ஒரு நாளு, ஒரு பேச்சுக்குக் கூட அவ சொன்னதில்ல. சாரதாவுக்கு நான் எப்பவோ சொல்லிட்டேன். அவளும் வெளிய காட்டிக்க மாட்டா.

நேத்து சாயங்காலம் நான் அவ வீட்டுக்குப் போனேன். கதவச் சாத்திக்கிட்டு, தரையில உக்காந்து தன் வாயிலயே அடிச்சுக்கிட்டிருந்தா. நான் கையப் புடிச்சேன். கெலிங், எம்பொண்ணு சாப்பிட்டாளான்னு கேட்டா.

ஆமாண்ணே. பெத்தவ அவதான்.

அந்த மொழிபெயர்க்கிற ஆளுகிட்டப் போய்ச் சொல்லுறதுன்னா சொல்லுங்க, நான் ஒரு பொம்பள, உங்க காலப் புடிச்சா நிறுத்த முடியும்? ஆனா போறதுக்கு முன்னாடி அவளப் பாத்துட்டுப் போங்க.

சாரதா, மாமா வந்துருக்காங்க. வெளிய வாம்மா.