வெள்ளிக்கிழமை முடியும்

"ஹலோ... ஹலோ, சத்தமா சொல்லுங்க, இங்க மிஷின் ஓடுது... எங்கேன்னா? கடையிலதான். வேலை நேரத்துல வேற எங்க இருப்பேன்?... ஆமா, ஆமா... என்னது, கேட்டுல நிக்கறீங்களா? எந்த கேட்டுல?"

சலவைக்கடையின் இஸ்திரி மேசையில் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டு கைகளை விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் அதன் காலரை நீவிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகப் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். கூப்பிட்டதும் எடுத்ததே அவருக்குப் பெரிய விஷயம் என்பது அவள் எண்ணம்.

"தீம் பார்க் கேட்டுலயா?... நீங்களா?... ஏங்க, அங்க லிஃப்டு ஏதும் ரிப்பேரா?... இல்லையா. பின்ன?... எனக்காகக் காத்திருக்கீங்களா? எதுக்கு?"

இஸ்திரிப்பெட்டி அந்தரத்தில் நின்றது.

"இருங்க, இருங்க. நான் எப்ப வரச் சொன்னேன்?... மெசேஜா? படிங்க பாக்கலாம்... உம். நீங்க கேட்டது, 'எப்ப முடியும்?'... உம். நான் போட்டது, 'வெள்ளிக்கிழமை முடியும்.' ஆமா, போட்டேன்தான்... ஐயோ கடவுளே! ஏங்க, பாஸ் முடியும்னு சொன்னேங்க! வருஷப் பாஸு! வெள்ளியோட காலாவதின்னு!"

பக்கத்து மேசைக்காரி பேன்ட்டை மடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சாப்பாட்டு மேசையில ரெண்டு பாஸையும் எடுத்து வெச்சு, வருஷம் போச்சே போச்சேன்னு நான் புலம்பிட்டு வந்த அன்னிக்கு 'எப்ப முடியும்'னு கேட்டா, பாஸ் எப்ப முடியும்னுதானே நினைப்பேன்?... ஓ... எப்ப போக முடியும்னு கேட்டீங்களா... 'போக'ன்னு ரெண்டு எழுத்து சேர்த்துப் போட்டா விரல் தேஞ்சிடுமா?... சரி, சரி. தப்பு என் பேர்லயும்தான். பாதி. பாதிக்கு மேல ஒத்துக்க மாட்டேன்... அதுக்கு நீங்க போட்ட பதில் ஞாபகம் இருக்கா? 'சரி. சந்தோஷம்.' சந்தோஷமாம்! பாஸ் செத்துப்போகுதுன்னு நான் சொல்றேன், இந்த மனுஷன் தப்பிச்சோம்டான்னு சந்தோஷப்படறாரேன்னு எனக்கு எப்படிப் பத்திட்டு வந்துது தெரியுமா?... பின்ன? வாரம் பூரா நான் ஏன் உம்முனு இருந்தேன்னு நினைச்சீங்க?... பல்வலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

"அதான் தட்டுக்குப் பக்கத்துல மாத்திரை வெச்சீங்களா! வாயை மூடிக்கன்னு ஜாடையா சொல்றீங்களோன்னு நான் அதுக்கு வேற ஒரு நாள் கோவிச்சுக்கிட்டேன்."

அந்தப் பார்க்கில் ரயில்பெட்டி மாதிரி ஒன்று வானத்தில் ஏறி, ஆட்களைத் தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்திக் கொண்டுவந்து இறக்கும். வீட்டில் அதற்குத் தலைகீழான் என்று பெயர். வருஷம் பூரா அதில் ஏறியது அவள். கீழே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது அவர். மாடி மாடியாக லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து போய் எண்ணெய் போடுகிற மெக்கானிக் அவர்; ஆனாலும் யார் கிரீஸ் போட்டார்கள் என்று தெரியாத வண்டியில் உட்கார மாட்டேன் என்று சாதித்தார். தலைகீழானில் ஒரு சீட்டு மிச்சமானால், 'ஒத்தை ஆள் யாராவது உண்டா?' என்று கூவுவார்கள். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கியவள் இவள். முன்பின் தெரியாத யார் பக்கத்திலோ உட்கார்ந்து கத்தித் தீர்த்துவிட்டு இறங்கி வருவாள். ஒரே ஒரு தடவை பக்கத்து சீட்டில் இந்த மனுஷன் இருந்தால் போதும் என்றுதான் அடுத்தடுத்து இழுத்துக்கொண்டு போனாள். நடக்கவில்லை. பையைக் காவல் காக்க இன்னொரு வருஷத்துக்குப் பாஸ் எதற்கு என்று அவளே சொல்லிவிட்டாள்.

"அப்ப இன்னிக்கு வந்திருக்கறது... தலைகீழான்ல ஏறவா?... நிஜமாவா?... எம்மேல சத்தியமா?... யாரு? அந்த வண்டி மெக்கானிக்கா? அவரை எங்க பிடிச்சீங்க?... டீ குடிக்க வெளிய வந்தவரையா, பாவம்... உம்... கிரீஸ் அவர் கையாலேயே போட்டாராமா... காலையில சீட்டுப் பட்டையெல்லாம் இழுத்துப் பாத்தாராமா... உம், உம்... விட்டா பிள்ளை குட்டி உண்டா, குடிப்பீங்களான்னும் கேட்டிருப்பீங்களே... கேட்டீங்களா! அடப்பாவமே, அந்த மனுஷன் டீயைக் குடிச்சாரா இல்லையா?"

சட்டென்று அவள் குரல் மாறியது.

"இருங்க. பாஸ் உங்ககிட்டயா இருக்கு?... எங்கேருந்து எடுத்தீங்க?... குப்பைக்கூடையிலிருந்தா... ஆமாங்க. தவறித்தான் விழுந்திருக்கும். ரெண்டும் சேர்ந்து தவறி விழுந்திருக்கும். விடுங்க."

நேற்று ராத்திரி அதை வீசி எறிந்த கை, இப்போது டாக்டரின் கோட்டுப் பையை ஒன்றுமில்லாமல் தடவிக்கொண்டிருந்தது.

"அதுல என்ன போட்டிருக்கு, நல்லாப் படிங்க... 'வெள்ளி வரை'யா? வரைன்னா வெள்ளியும் சேர்த்தியா, இல்ல வியாழனோட சரியா?... எனக்கு எப்படிங்க தெரியும்? கவுண்டர்ல கேளுங்க. போனை வெக்காதீங்க. கேளுங்க... ஆமா, நிக்கறேன்..."

பேன்ட்டுக்காரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லாவில் இருந்த முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?... ஏன் இழுக்கறீங்க?... இன்னிக்கு மூடற வரைக்கும் செல்லுமா! அப்பாடி!... ஏங்க, உங்க குரல் ஏன் இறங்குது? செல்லாதுன்னு சொல்லிடுவாங்களான்னு மனசுல ஒரு ஓரமா எதிர்பாத்தீங்கதானே?... பொய். பொய். எனக்குத் தெரியும்... இல்ல, நான் வரேன். எப்படி வருவேன்னா... இருங்க. அம்மா, வந்து... ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரர் வந்து..."

முதலாளியம்மா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து, இஸ்திரிப்பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மோவாயால் வாசலைக் காட்டினாள். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கதை முழுக்கத் தெரிந்துவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது?

"ஏங்க, கிளம்பிட்டேன்! அங்கேயே நில்லுங்க. பஸ் பிடிச்சு வந்துடறேன். தலைசுத்தலு, முட்டிவலின்னு ஒண்ணும் புதுசா வரவழைச்சுக்காதீங்க. பையைப் பிடிக்கற சாக்கும் கிடையாது, நான் பையே கொண்டுவரல... உம்... ஒத்தை ஆள் உண்டான்னு கூவினா பேசாம நில்லுங்க. நாம ரெண்டு ஆள்... என்னது? கேக்கல... சார்ஜ் இல்லையா? சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சிடுங்க. நிஜமாவே உங்களால முடியுமா?... முடியும்கறீங்களா? இருங்க, இருங்க... இது எந்த முடியும்?... ஹலோ? ஏங்க... ஹலோ?"

போன் ஊமையாகிவிட்டது. அவள் ஏப்ரனைத் தலைவழியாக உருவி ஆணியில் மாட்டினாள். ஆவியில் கலைந்த தலையைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் தலைகீழாகத் தொங்கப்போகிற தலைதானே.