விஸ்வகர்மா பூஜையன்று ஸ்பிரிங் மாற்றியது

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சுந்தரேசன் சார். சித்தி இன்னும் சித்தப்பாவின் அளவுக்கே போடுகிறாள். பொடி லேக் மார்க்கெட்டில் எங்கள் கடையில் அரைத்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து வரப்போகிறவர் தமிழ்க்காரர் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். உங்களுக்காக வடைக்கு அரைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் வரிசையாகச் சொல்லத் தெரியும். பிஸிக்ஸ் படித்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தது வாஞ்சிநாதன் சித்தப்பாதான். நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சிரித்தால் பவானிபூரில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். காப்பிக்கொட்டை மூட்டை ஏற்றிவர ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். ஆகஸ்டில் அதன் முன்பக்க ஸ்பிரிங்குகளில் இடதுபக்கத்தது உடைந்து வண்டி ஒருக்களித்து நின்றது. அப்படியே ஒரு மாதம் ஓட்டினார். செப்டம்பர் பதினெட்டாம் தேதி கரக்பூர் போவது என்று முடிவான பிறகுதான் அந்தச் சாய்வு அவர் கண்ணில் பட்டது.

கரக்பூரில் ஒரு ரயில்வே குடும்பம். அவர்கள் பையனுக்கு என்னை நிச்சயம் செய்வதாக இருந்தது. ரயிலிலேயே போய்விடலாம் என்று சித்தி சொல்லிப் பார்த்தாள்.

"ரயில்ல போய் இறங்கினா யாருக்குத் தெரியும்? சொந்த வண்டி அவா வாசல்ல போய் நிக்கணும்."

"நிக்கும். ஒத்தைக் கால்ல நிக்கும்."

"அதுக்குத்தாண்டி ஸ்பிரிங் மாத்தப் போறேன். வண்டி சாஞ்சிருந்தா, கடையும் சாஞ்சுடுத்துன்னு சம்பந்தி நினைச்சுப்பார்."

மல்லிக் பஜாரிலிருந்து ஒரு ஜோடி புது ஸ்பிரிங் வாங்கி வந்தார். மாற்றத்தான் ஆள் இல்லை. பதினேழாம் தேதி விஸ்வகர்மா பூஜை. அன்று இந்த ஊரில் எந்த மெக்கானிக்கும் ஸ்பானரைத் தொடமாட்டார். தெருமுனை கராஜில் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, மைக் செட் கட்டி, மெக்கானிக் நிமாய் தா புதுச் சட்டையில் லுச்சிப் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாஞ்சி தா, ஆஜ் ஹாத் தேபேன் நா" என்றார் பெங்காலியில். வாஞ்சி அண்ணா, இன்று கை வைக்காதீர்கள், நாளை விடிந்ததும் நானே மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு விடியறச்சே நான் பாதி வழி போயிருப்பேன். இவா விஸ்வகர்மாவுக்குத்தான் இன்னிக்கு லீவு. நம்ம ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கு. நம்ம ஸ்பானர் வேலை செய்யும், வாடி."

டயர், ஆயில், பிரேக் எல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்பிரிங்கை மட்டும் தொட்டதில்லை. இங்கிலீஷ் படிக்கவும் தெரியாது. கரியாஹாட் நடைபாதையில் அந்த வண்டியின் கையேட்டை நான்தான் தேடி வாங்கி வந்திருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் செய்ய வேண்டும்.

அந்தக் காலைப்பொழுது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விஸ்வகர்மா பூஜையன்று இங்கே எல்லா மாடியிலும் பட்டம் விடுவார்கள்; வானம் நிறையப் பட்டங்கள். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்தோம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு "அப்புறம்?" என்றார். சொன்னேன். ஷாக் அப்சார்பரைக் கழற்றினார். "அப்புறம்?" என்றார் மறுபடியும். எனக்கு இருபத்தொரு வயது. அந்த வீட்டில் ஒருவர் நான் சொல்வதற்காகக் காத்திருந்தது அன்றுதான்.

கரக்பூர் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. எம்.எஸ்ஸி.யில் இடம் கிடைத்த கடிதம் பத்து நாளாக என் புத்தகத்துக்குள் இருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். கல்யாணம் நிச்சயமானால் சேர முடியாது. பெண்ணுக்கு பி.எஸ்ஸி. போதும் என்று பையன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நானாகப் போய் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. சித்தப்பா மேல் கோபமும் இல்லை.

சக்கரத்தை எடுத்துவிட்டால் ஸ்பிரிங்கில் விசை இருக்காது என்று பலரும் நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அடியில் இருக்கும் இரும்புக் கை அதை அமுக்கியபடியேதான் இருக்கும். அந்தக் கைக்கு ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். கையேட்டில் இது கறுப்புக் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த இரண்டு வரியை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பொய் ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

"அடுத்தது அந்தப் பெரிய நட்டு, சித்தப்பா" என்றேன்.

"நன்னாச் சொல்றேடி. நீ டீச்சராப் போயிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஸ்பானரைத் திருகினார். நட்டு சுலபமாக வந்தது.

அதே நேரத்தில் யாரோ யாருடைய பட்டத்தையோ அறுத்தார்கள். மாடிகளெல்லாம் "போ காட்டா" என்று ஒரே கூச்சல். சமையலறையில் இருந்த சித்திக்கு முற்றத்துச் சத்தம் கேட்கவில்லை. ஸ்பிரிங் அவர் நெற்றியில் பட்டுச் சுவர்வரை உருண்டு போனது. நான் கராஜுக்குப் போய்ச் சொன்னதும் நிமாய் தா புதுச் சட்டையோடு ஓடிவந்து டாக்ஸி பிடித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

நான் நினைத்தது ஒரு தாமதம்தான். வீட்டில் சாவு நடந்தால் ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம். மிச்சம் ஒரு வருஷத்தைச் சித்தியிடம் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டேன். அவள் தடுக்கவில்லை. வகுப்புகள் நன்றாகப் போகின்றன. லேபில் என் கை சுத்தம் என்று பேராசிரியர் சொல்கிறார்.

மொழிபெயர்க்கும்போது ஒரு இடம் விட்டுப்போயிருக்கும் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதப்போனீர்கள். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கறுப்புக் கட்டத்தின் மேல் இருக்கும் கிரீஸ் விரல் ரேகை யாருடையது என்று கேட்கிறீர்கள். சித்தப்பாவுடையது. நட்டில் கை வைப்பதற்கு முன் அவர் ஒருதரம் எழுந்து வந்து பார்த்தார்.

"இதுக்கு மட்டும் ஏன்டி கட்டம் போட்டிருக்கான்?" என்று விரலை வைத்துக் கேட்டார்.

"கம்பெனி விலாசம், சித்தப்பா" என்றேன்.