பட்டதாரிக்குப் பத்து ரவுண்டு

எஃப்ரைன்: இறங்கு.

சித்லாலி: மாட்டேன்.

எஃப்ரைன்: கோச் விசிலை வாயில வெச்சுக்கிட்டு நம்ம வண்டியவே பாத்துட்டு நிக்கறாரு. இறங்குடி.

சித்லாலி: வெயிலப் பாத்தியா அப்பா?

எஃப்ரைன்: பாத்தேனே! காலையிலேருந்து ஒரு பல் டாக்டர் மொட்டை மாடியில ஏசி மிஷினக் கட்டிக்கிட்டு அதே வெயில்லதான் கிடந்தேன். அங்கதான் உன் ஸ்கூல்லேருந்து போன். "மிஸ்டர் சால்டிவார், உங்க பொண்ணு இந்த வருஷம் ஸ்கூல் முடிக்க முடியாது." கையில இருந்த ஸ்பானர் நழுவிக் கீழ போயிருச்சு.

சித்லாலி: ஐயோ, யார் மேலயாவது...

எஃப்ரைன்: டாக்டர் கார் மேல. பேச்ச மாத்தாத.

சித்லாலி: நான் எங்க மாத்தினேன்...

எஃப்ரைன்: போன வெள்ளிக்கிழமை காலேஜ்ல உனக்குப் பட்டம் குடுத்தாங்களா இல்லையா?

சித்லாலி: குடுத்தாங்க.

எஃப்ரைன்: அங்கி மாட்டிக்கிட்டு மேடையேறினியா?

சித்லாலி: ஏறினேன். நீ லாரி ஹாரன அங்க கொண்டாந்து ஊதினே. செக்யூரிட்டி வந்து பிடுங்கிட்டுப் போனான்.

எஃப்ரைன்: ஊதாம? நம்ம குடும்பத்துல முதல் பட்டம்! சொந்தக்காரன் அத்தனை பேருக்கும் கறி சுட்டுப் போட்டேன். இப்ப என்னன்னா, காலேஜ் முடிச்ச பொண்ணு ஸ்கூல் முடிக்கலையாம். கேக்கறவன் சிரிக்க மாட்டான்?

சித்லாலி: ரெண்டையும் ஒண்ணாத்தானே படிச்சேன்? காலையில ஸ்கூல், மத்தியானம் பஸ் ஏறி காலேஜ். ஒன்பதாவதுலேருந்து இதே ஓட்டம். காலேஜ் பாடத்துக்கெல்லாம் ஸ்கூல்லயும் மார்க் சேத்துக்குவாங்க. விளையாட்டுக்கு மட்டும் சேக்க மாட்டாங்க.

எஃப்ரைன்: கால்குலஸ் பாஸ். அப்புறம் அந்த எலும்பு, நரம்பு...

சித்லாலி: அனாட்டமி.

எஃப்ரைன்: அதுவும் பாஸ். முட்டிக்குள்ள எத்தனை எலும்புன்னு கேட்டா தூக்கத்துல சொல்லுவே. அந்த முட்டிய மடக்கி ஓடச் சொன்னா பெயிலு!

சித்லாலி: பெயில் இல்ல. வகுப்புக்கே போகல.

எஃப்ரைன்: பெருமையப் பாரு!

சித்லாலி: விளையாட்டு வகுப்புக்கு அரை கிரெடிட்டுதானே அப்பா...

எஃப்ரைன்: அந்த அரை இல்லைன்னா ஸ்கூல் சர்டிபிகேட் கிடையாது. அது இல்லைன்னா ஆஸ்டின்ல யுனிவர்சிட்டி சீட்டு கிடையாது. இந்தக் காலேஜ் பட்டத்த ரெண்டு வருஷமாக் கணக்கு வெச்சு அங்க நேரா மூணாவது வருஷத்துல உக்கார வேண்டியவ, இன்னொரு வருஷம் இந்த மைதானத்துல சின்னப் பசங்களோட டாட்ஜ்பால் ஆடப் போறியா?

சித்லாலி: ஆடினா என்ன?

எஃப்ரைன்: என்னவா...! இங்க பாரு. கோச் நல்ல மனுஷன். தினமும் ஸ்கூல் விட்டதும் பத்து ரவுண்டு, ஸ்கூல் மூடற வரைக்கும். அவ்ளோதான் கேக்கறாரு. இன்னிக்கு ஆரம்பிச்சா முடிஞ்சிரும். நாளைக்குன்னா நேரம் பத்தாது.

சித்லாலி: முட்டி வலிக்குது.

எஃப்ரைன்: உன் சித்தி பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாளுக்கு விடிய விடிய ஆடினியே, அந்த முட்டியா?

சித்லாலி: ...இன்னொரு முட்டி.

எஃப்ரைன்: நடந்தாக்கூடப் போதும்னாரு! நடக்கவுமா வலிக்குது?

சித்லாலி: வண்டியில ஏசி போடேன். வேகுது.

எஃப்ரைன்: ஓடல.

சித்லாலி: ஊருக்கெல்லாம் ஏசி ரிப்பேர் பண்றே...

எஃப்ரைன்: சித்லாலி!

சித்லாலி: சரி, சரி. ஆஸ்டின்ல என் வகுப்புல எல்லாருக்கும் வயசு இருபது, இருபத்தியொண்ணு. எனக்குப் பதினேழு. பத்தொன்பதுல படிப்பு முடிஞ்சிரும். அப்புறம்?

எஃப்ரைன்: அப்புறம் வேலை.

சித்லாலி: அப்புறம்?

எஃப்ரைன்: அப்புறம் வீடு வாங்கு. ஏசி கெட்டுப் போனா எனக்குப் போன் பண்ணு. என்னடி கேள்வி இது? பயமா இருக்கா?

சித்லாலி: இல்ல.

எஃப்ரைன்: பையன் எவனாவது...

சித்லாலி: சீ! இல்ல.

எஃப்ரைன்: பின்ன என்னதான் உன் பிரச்சினை? கோச் வேற வாட்சைப் பாக்கறாரு...

சித்லாலி: ஞாயித்துக்கிழமை காலையில பார்பகோவா கறி வாங்கினா யாரோட சாப்பிடுவே?

எஃப்ரைன்: என்னது?

சித்லாலி: கேக்கறேன். அம்மா ஹூஸ்டன்ல. நான் ஆஸ்டின்ல. நீ யாரோட சாப்பிடுவே?

எஃப்ரைன்: உன் பெரியப்பாவோட.

சித்லாலி: பெரியப்பாவோட நீ பேசறதே இல்லையே.

எஃப்ரைன்: பேசிக்குவேன். இல்ல, தனியா தின்னுட்டுப் போறேன், உனக்கென்ன? இதுக்காகவா ஓடாம உக்காந்திருக்கே? அப்பனுக்குக் காவல் இருக்கவா நாலு வருஷம் பஸ்ஸுல போயிட்டு வந்தே?

சித்லாலி: கத்தாத. கோச்சுக்குக் கேக்கும்.

எஃப்ரைன்: கேக்கட்டும்! ஒருத்தராவது முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தா உன் காதப் புடிச்சு இழுத்துட்டு வந்து அன்னிக்கே ஓட விட்டிருப்பேன். என்ன அப்படிப் பாக்கறே?

சித்லாலி: முன்னாடி யாருமே சொல்லலையா?

எஃப்ரைன்: இன்னிக்குத்தானே போன் வந்துச்சு. சொன்னேன்ல?

சித்லாலி: ம்... நான் வகுப்புக்கு வரலைன்னு சொல்ல ஜனவரியில கோச் உனக்குப் போன் பண்ணினாரே, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாரு. நான் அவர் பக்கத்துலதான் நின்னேன். "நானே அவகிட்ட சொல்லிக்கறேன் கோச்"னே.

எஃப்ரைன்: அது... அன்னிக்கு வேலை நெறைய... மறந்து...

சித்லாலி: மறக்கல.

எஃப்ரைன்: ...இல்ல. மறக்கல.

சித்லாலி: அன்னிக்கு வீட்டுக்கு வந்து முட்டை பொரிச்சே. டிவி போட்டே. இப்ப சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். மறுநாளும் பாத்தேன்.

எஃப்ரைன்: நாலு மாசமா தெரிஞ்சும் ஏன்டி நீ வாயத் திறக்கல?

சித்லாலி: நீ திறக்கலையே. என்னை அனுப்ப உனக்கு மனசில்லைன்னு நெனச்சேன், அதான் நானும் ஓடல. இப்பக்கூடப் பாரு... அப்போலேருந்து இறங்கு இறங்குன்னு கத்தறே. என் பக்கத்துக் கதவு உள்ளேருந்து திறக்காதுன்னு உனக்குத் தெரியும்ல? நிஜமா நான் போகணும்னு நீ நெனச்சா, இறங்கி வந்து திற.