காற்றென்று நினைத்து வெட்டியது

தெருவில் என்னைச் 'சீப்பு மாமா' என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. முடிதிருத்தும் கடை நடத்தி, அதன் மாடியிலேயே குடியிருக்கிறேன்.

என் மேல் போலீஸில் கொடுத்த புகாரில் சொல்லப்படும் தலை என் தங்கை கணவருடையது. அவர் பேருந்து ஓட்டுநர். இளம் வயதிலேயே உச்சந்தலை வழுக்கையாகிவிட்டாலும் மாதம் தவறாமல் கடைக்கு வருவார். ஓரங்களைத் திருத்திய பிறகு, அவர் மனம் கோணக் கூடாதென்று, உச்சிக்கு மேலே வெறும் காற்றில் சிறிது நேரம் கத்தரியை ஓட்டுவேன். மரியாதைக்காக அந்த இடத்தை உற்றுப் பார்ப்பதில்லை. இது அவருக்குத் தெரியாதென்றே நினைத்திருந்தேன்.

இந்த வருடம் அவர் ஆராய்ச்சி மையத்தில் புதிய சிகிச்சைச் சோதனையில் சேர்ந்தார். பிடரியிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து உச்சியின் ஒரு பாதியில் ஊசி போட்டதாகவும், மறுபாதிக்கு வெறும் உப்புநீர் என்றும், எது எந்தப் பக்கம் என்று டாக்டருக்கே தெரியாதென்றும், கடைசிப் போட்டோ எடுக்கும்வரை அங்கே கத்தரி படக் கூடாதென்றும் என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு சென்ற செவ்வாய் காலை கடைக்கு வந்தார். ஓரங்களை முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் காற்றில் கத்தரியை ஓட்டினேன். கத்தரியில் ஏதோ அகப்பட்டது. துணியில் மெல்லிய கறுப்பு முடி விழுந்தது.

"மாப்ள, இது உங்க முடி," என்றேன்.

"இத்தனை வருஷமா காத்தத்தானே வெட்டுறீங்க மச்சான், எனக்குத் தெரியாதா? ஆறுதல் சொல்லாதீங்க," என்றார்.

அவர் கையைப் பிடித்து உச்சியில் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் குத்தியது. அவர் வாய்விட்டு அழுதார். சந்தோஷத்தில் நானும் கடையைச் சாத்திவிட்டேன்; அதன் பிறகு அன்று யாருக்கும் சவரம் செய்யவில்லை.

அவரே மையத்துக்குப் போய்ச் சொன்னார்; கத்தரி பட்டதென்றதுமே, முடி முளைத்த மீதிக் கதையை அங்கே யாரும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் அங்குள்ள டாக்டரம்மா, நான் வேண்டுமென்றே சோதனையைக் கெடுத்ததாகப் புகார் கொடுத்தார். இது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. ஊரில் முடி வளர்ந்தால் எனக்கா நஷ்டம்? அவருக்கு இன்னும் ஓர் ஊசி பாக்கி. என் கைத்தவறால் அவரை விலக்கிவிட்டால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதே என் கவலை.

இதுவரை சொல்லும்போதே எதிரில் இருந்த டாக்டரம்மா எழுந்து, "எந்தப் பக்கம் முளைச்சிருக்கு?" என்றார். இடது என்றேன். மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டார். அதன் பிறகு, "அடுத்த ஊசிக்கு அவரை அனுப்புங்க. நீங்க மட்டும் கூட வராதீங்க," என்று சிரித்தார். இதை எழுத வேண்டாமென்றார், என் வாக்குமூலத்தை எழுதும் ஸ்டேஷன் ரைட்டர். அவசியம் எழுதச் சொன்னேன்.

வெட்டியது நான்தான். வெட்டுவதற்கு அங்கே முடி இருந்தது. இரண்டும் சத்தியம். படித்துக் காட்டக் கேட்டு, மனமாரக் கையெழுத்திடுகிறேன்.